மண்டியிட்ட பிரபுக்கள்



மேடைப் புகழையும் ரசிகர் கூட்டத்தையும் பரிகாசம் செய்த அச்சுப்படங்களைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். பல நாடுகளில் இத்தகைய படங்கள் உண்டு. நான் ஓர் ஊரை மட்டும், ஏறத்தாழ எண்பது ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: 1723 முதல் 1805 வரையிலான லண்டன். அந்த ஊரில் கேலிச்சித்திரம் கடை போட்டு விற்கும் சரக்காக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்கள் பாடகர்களையும் நடிகர்களையும் நையாண்டி செய்தவை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உற்றுப் பார்த்தால், ஓவியன் குறிவைத்தது ரசிகனை. ஆனால் அந்த ரசிகன் தன் படத்தைப் பார்த்துத் தானே சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அடி விழுந்ததெல்லாம் மேடையில் நின்றவர்களின் உடம்பில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. படம் படமாக இதைக் காட்டப் பார்க்கிறேன்.

முதல் படத்தைத் திரையில் போடுங்கள். மேடையில் மூன்று பாடகர்கள். இரு புறமும் பனைமரம் போல வளர்ந்த இரண்டு ஆண்கள். அந்த உடம்புக்குத் தலை சிறுத்துக் கிடக்கிறது. நடுவில் குட்டையான ஒரு பெண். ஆண்களில் ஒருவர் செனெசினோ, மற்றவர் பெரென்ஷ்டாட். பெண் பிரான்செஸ்கா குட்ஸோனி. இசையமைப்பாளர் ஹாண்டெலின் ‘ஃப்ளாவியோ’ ஓபரா 1723 மே மாதம் லண்டனில் அரங்கேறியது. அதன் காட்சி இது என்று கொள்வது வழக்கம். வரைந்தவர் ஜான் வாண்டர்பாங்க் என்று சொல்லப்படுகிறது.

இதைப் பார்த்தவுடன் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்த இரண்டு ஆண்களும் ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்க வேண்டும். அவர்கள் காஸ்ட்ராட்டோ எனப்படும் பாடகர்கள். பையன்களுக்குக் குரல் உடைகிற பருவத்தை நம் பழைய நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு என்று சொல்வார்கள்.  அந்தப் பருவம் வருமுன்பே இத்தாலியில் சில சிறுவர்களுக்கு விரைநீக்கம் செய்தார்கள். குரல்வளை சிறுவனுடையதாகவே நின்றுவிடும். மார்புக்கூடும் நுரையீரலும் வளர்ந்த ஆணுடையதாகப் பெருக்கும். அந்தச் சேர்க்கையில் பிறந்த குரலுக்காக ஐரோப்பா முழுவதும் பைத்தியமாகக் கிடந்தது. தேவாலயத்தில் பெண்கள் பாட இடமில்லை. போப்பின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர்களில் நாடக மேடையிலும் இடமில்லை. உச்சக் குரலுக்கு ஆள் வேண்டுமே? இந்த அறுவையைச் செய்தவர்களுக்குத் திருச்சபை விலக்குத் தண்டனை அறிவித்திருந்தது. அதே திருச்சபைப் பாடகர் குழுவில் இந்தச் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ளவும் செய்தது. குதிரையிலிருந்து விழுந்தான், பன்றி கடித்துவிட்டது என்று குடும்பத்தார் கதை சொன்னார்கள். அப்படி வெட்டுப்பட்ட பிள்ளைகளில் மேடையேறிப் புகழ்பெற்றவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்றவர்கள் ஏதோ ஓர் ஊர்க் கோயிலில் கூட்டத்தோடு பாடிக் காலத்தைக் கழித்தார்கள்.

விரைநீக்கம் செய்தால் கைகால் எலும்புகளின் முனைகள் உரிய வயதில் மூடிக்கொள்ளாமல், எலும்பு நீண்டுகொண்டே போகும். எனவே அந்தப் படத்தில் இருக்கும் நெட்டையான கால்கள் ஓவியனின் கற்பனை அல்ல. சற்று மிகைப்படுத்தியிருக்கிறான், ஆனால் அடிப்படை உண்மை. எந்த வெட்டு அந்தக் குரலைக் கொடுத்ததோ அதே வெட்டுதான் அந்த உடம்பையும் கொடுத்தது. குரலுக்குக் காசு கொடுத்தவர்கள், உடம்பைப் பார்த்துச் சிரிக்கவும் ஒரு காசு கொடுத்தார்கள்.

அடுத்தது வில்லியம் ஹோகார்த். 1724 பிப்ரவரியில் வெளியான படம்; அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. வெள்ளிப் பாத்திரங்களில் முத்திரையும் எழுத்தும் செதுக்கும் பட்டறையில் தொழில் கற்றவர். அப்பா பள்ளி ஆசிரியர். லத்தீனிலேயே பேச வேண்டும் என்ற விதியோடு ஒரு காப்பிக்கடை வைத்து, நொடித்து, கடனுக்காகச் சிறை சென்றவர். படிப்பாளிக்குச் சோறு கிடைக்காத ஊரில் வெளிநாட்டுப் பாடகருக்குப் பொற்காசு கொட்டுகிறதே என்ற ஆத்திரம் ஹோகார்த்துக்குப் புத்தகம் படித்து வந்ததல்ல.

படத்தை நன்றாகப் பாருங்கள். ஒரு தெரு. இடப்பக்கத்தில் முகமூடி நடனக் கொட்டகைக்குள் ஒரு கூட்டம் நுழைகிறது. கூட்டத்தை முன்னின்று இழுத்துப் போவது ஒரு குட்டிச் சாத்தானும் ஒரு கோமாளியும். வலப்பக்கத்தில் இன்னொரு கூட்டம், ஃபௌஸ்ட் கதையை வைத்து ஆடிய ஊமைக் கூத்தைப் பார்க்க முண்டியடிக்கிறது. நடுத்தெருவில் ஒரு பெண் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வருகிறாள். வண்டி நிறையப் புத்தகம்: ஷேக்ஸ்பியர், பென் ஜான்சன், டிரைடன், காங்கிரீவ், ஆட்வே. கடைகளுக்குப் பொட்டலம் மடிக்க உதவும் பழைய காகிதம் என்று கூவி விற்கிறாள்.

இடப்பக்கச் சுவரில் தொங்கும் பதாகையைப் பாருங்கள். விரற்கடை அளவுதான் இருக்கும். நான் இன்று பேச வந்ததே அதைப் பற்றித்தான். சற்று முன் பார்த்த மூன்று பாடகர்களும் அதில் மறுபடி நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் பிரபுக்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவர் பையைக் கவிழ்த்துக் காசைக் கொட்டி, எட்டாயிரம் பவுண்டைத் தயைகூர்ந்து ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறார். குட்ஸோனி நிமிர்ந்து நின்றபடி காசைத் தன் பக்கம் வாரி இழுத்துக்கொள்கிறார். மண்டியிட்டவரைப் பீட்டர்பரோ பிரபு என்று அன்றைக்கே அடையாளம் கண்டுகொண்டதாகச் சொல்வார்கள். போர்க்களம் கண்ட தளபதி. அனஸ்டேஷியா ராபின்சன் என்ற ஓபராப் பாடகியை இரகசியத் திருமணம் செய்துகொண்டவர். அந்த அம்மையாரை அவமதித்தார் என்பதற்காகச் செனெசினோவைப் பிரம்பால் அடித்த கதையும் அவர் மேல் உண்டு. பாடகி முன் மண்டியிடுவதும் பாடகரைப் பிரம்பால் அடிப்பதும் ஒரே பிரபுவின் கை வேலை. பிரபுவின் பக்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பதாகையில் குற்றவாளி யார்? ஓவியன் மண்டியிட வைத்தது பிரபுவை. வெட்கப்பட வேண்டியவர் பிரபு. ஆனால் மூன்று நூற்றாண்டு கழித்தும் அந்தப் பிரபுவின் முகம் நம் நினைவில் நிற்பதில்லை; நினைவில் நிற்பது பேராசைக்காரியாகக் காசை வாருகிற குட்டைப் பெண்ணும், கேலிக்குரிய இரண்டு நெட்டை உடம்புகளும்.

இவை எப்படி அவ்வளவு விரைவாக வெளிவந்தன என்று ஓவிய மாணவர்கள் கேட்பீர்கள். செப்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சு ஒன்று பூசுவார்கள். ஊசியால் கீறினால் அந்த இடத்தில் செம்பு தெரியும். அமிலத்தில் இட்டால் கீறின இடத்தை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். பூச்சை நீக்கி, பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளை அழுத்தியில் ஓட்டினால் படம் தயார். கூருளியால் நேரடியாகச் செதுக்கும் முறை நேரம் பிடிக்கும். அமில முறையில் இந்த வாரத்து ஊர்ப்பேச்சை அடுத்த வாரம் கடையில் தொங்கவிடலாம். எழுத்துகளையெல்லாம் தகட்டில் இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல எழுத வேண்டும். பின்னாளில் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டி, கூடுதல் விலைக்கு விற்றார்கள்.

ஹோகார்த் தன் படத்துக்கு வைத்த விலை ஒரு ஷில்லிங். சில நாளில் கடைகளில் திருட்டு நகல்கள் பாதி விலைக்குத் தொங்கின. அசல் படங்கள் விற்காமல் அவரிடமே திரும்பி வந்தன. அந்தக் காயத்தை அவர் மறக்கவில்லை. மற்ற ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பித்து, செதுக்கோவியங்களுக்குப் பதினான்கு ஆண்டு உரிமை தரும் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார். 1735 ஜூன் 25 அன்று அது நடைமுறைக்கு வந்தது. உரிமை வேண்டுமானால் ஒவ்வொரு தகட்டிலும் உரிமையாளர் பெயரும் வெளியிட்ட தேதியும் இருக்க வேண்டும். இன்று நாம் ஒரு கேலிச்சித்திரத்தைக் கையில் எடுத்து, இந்த நாளில், இந்தத் தெருவில், இந்தக் கடையில் வெளியானது என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறதே, அதற்கு அந்தச் சட்டம்தான் காரணம். ஆய்வு செய்கிற பிள்ளைகள் அந்த ஒரு வரியைப் படிக்காமல் படத்தை மூடிவிடக் கூடாது.

அந்தச் சட்டம் வரும்வரை ஹோகார்த் ஒரு படத்தொடரைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தார். அப்பன் சேர்த்த சொத்தை அழித்துப் பைத்தியக்கார மருத்துவமனையில் போய் முடிகிற ஒரு வாலிபனின் கதை, எட்டுப் படங்கள். அதில் இரண்டாவதைப் பாருங்கள். காலை நேரம். புதுப் பணக்காரனான டாம் ரேக்வெல்லைச் சுற்றி நடன ஆசிரியர், வாள்பயிற்சி ஆசிரியர், தோட்டக் கலைஞர் என்று ஒரு பட்டாளம். இடப்பக்கத்தில் ஒருவர் ஹார்ப்சிகார்ட் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் நாற்காலியின் முதுகிலிருந்து ஒரு நீண்ட காகிதச் சுருள் தரைவரை புரள்கிறது.

ஃபாரினெல்லி என்ற பாடகர் ஒரே ஓர் இரவுக் கச்சேரிக்காக ஆங்கிலப் பிரபுக்களிடமிருந்து மனமிரங்கி ஏற்றுக்கொண்ட பரிசுகளின் பட்டியல் அந்தச் சுருள். வைரம் பதித்த முழங்கால் வார்ப்பூட்டு, வைர மோதிரம், தங்க உறையில் வைத்த வங்கி நோட்டு என்று போகிறது. நம் கதாநாயகன் ரேக்வெல்லின் பெயரும் உண்டு. அவன் கொடுத்தது தங்கப் பொடிடப்பி. அதில் ஒரு கதை பொறித்திருக்கிறது: ஆர்ஃபியஸ் தன் இசையால் மிருகங்களை மயக்கும் கதை. பாடகரை ஆர்ஃபியஸ் என்று புகழ்வதாக நினைத்துக்கொண்டு, கேட்டவர்களையெல்லாம் மிருகமாக்கிவிட்டான். அந்த மந்தையில் முதல் மிருகம் அவனே. இவ்வளவையும் பொடி எழுத்தில் ஓவியன் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கியிருக்கிறான். தரையில் இன்னோர் அச்சுப்படம் கிடக்கிறது: பீடத்தில் ஃபாரினெல்லி, கீழே பெண்கள் கூட்டம் தங்கள் இதயங்களை எரியும் பலியாக ஏந்தி நிற்கிறது. கடவுள் ஒருவரே, ஃபாரினெல்லியும் ஒருவரே என்று அதில் வாசகம். ஓபராவில் தனிமாடத்திலிருந்து ஒரு சீமாட்டி உணர்ச்சி மேலிட்டு அப்படிக் கத்தியதாக ஊர் முழுக்கப் பேச்சு.

யார் இந்த ஃபாரினெல்லி? இயற்பெயர் கார்லோ ப்ரோஸ்கி. 1705இல் தென்னித்தாலியில் ஆந்திரியா என்ற ஊரில் பிறந்தவர். 1734இல் லண்டன் வந்து, ஹாண்டெலுக்குப் போட்டியாகப் பிரபுக்கள் நடத்திய ஓபரா நிறுவனத்தில் பாடினார். ஒரே மூச்சில் ஒரு சுரத்தை எழுப்பிப் பெருக்கி மீண்டும் மெலியவிடும் அவருடைய ஆற்றலைக் கேட்டவர்கள் பலரும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டுச் சம்பளம் 1500 பவுண்டு. அதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை அவருக்கென்றே நடக்கும் பயன் கச்சேரி வசூல். அதே ஊரில் வீட்டு வேலை செய்த பெண்ணுக்கு ஆண்டுக்கு ஐந்தாறு பவுண்டுதான். ஊரார் ஆத்திரப்பட்டதில் நியாயம் இருந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பணத்தைக் கொட்டியவர்கள் யாரும் வேலைக்காரப் பெண்ணின் கூலியை உயர்த்த மறந்து, கைதவறி ஃபாரினெல்லிக்குக் கொடுத்துவிடவில்லை. பாடகர் வந்திராவிட்டால் சூதாட்டத்துக்கும் குதிரைக்கும் போயிருக்கும் பணம் அது. ஹோகார்த்தின் ரேக்வெல்லே அப்படித்தான் மீதியை அழிக்கிறான்.

1737இல் ஃபாரினெல்லி ஸ்பெயினுக்குப் போனார். மனச்சோர்வில் கிடந்த ஐந்தாம் பிலிப்பு மன்னருக்கு இரவுதோறும் பாடுவதே அங்கே வேலை. பொது மேடை ஏறுவதை அதோடு விட்டுவிட்டார். இரண்டு மன்னர்களின் அவையில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்து, கடைசியில் இத்தாலியின் பொலோன்யாவில் ஓய்வு பெற்று, 1782இல் இறந்தார். 2006இல் அவருடைய எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்து ஆராய்ந்தார்கள். நல்ல உயரமான மனிதர். நெற்றி எலும்பு உட்புறமாகத் தடித்திருந்தது. அந்த வயதில் ஆண்களிடம் அப்படித் தடிப்பது அரிது, விரைநீக்கத்தால் ஹார்மோன் மாறியதன் விளைவு என்கிறார்கள். கேலிச்சித்திரக்காரர்கள் கோணலாக வரைந்த உடம்பு கடைசியில் ஆய்வுக்கூட மேசைக்கு வந்துசேர்ந்தது. அங்கே யாரும் சிரிக்கவில்லை.

ஹோகார்த் இதே விஷயத்துக்கு இன்னொரு முறை திரும்பி வந்தார். 1745இல் அச்சான ‘நாகரிகத் திருமணம்’ தொடரின் நான்காம் படம். மூல ஓவியம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. சீமாட்டியின் ஒப்பனை அறை. பருத்த உடம்போடு ஓர் இத்தாலியப் பாடகர், மோதிரமும் காதணியுமாக அமர்ந்து பாடுகிறார். பின்னால் குழல் வாசிப்பவர். வெள்ளை உடை அணிந்த ஒரு மாது கைகளை விரித்து, உடம்பை முன்னே சாய்த்து, தன்னை மறந்து கேட்கிறாள். அவள் பக்கத்தில் ஒரு மனிதர் குதிரைச் சவுக்கைப் பிடித்தபடி தூங்குகிறார். இன்னொருவர் தலைமயிரில் சுருள் காகிதத்தோடு பானம் அருந்துகிறார். கச்சேரிக்குக் காசு கொடுத்த வீட்டுக்காரி பாட்டின் பக்கம் முகத்தைத் திருப்பக்கூட இல்லை. கள்ளக் காதலனான வழக்கறிஞனோடு பேச்சு. கறுப்பின வேலையாள் ஒருவர் வெள்ளை உடைக்காரிக்குச் சாக்லேட் பானம் நீட்டுகிறார். கீழே இன்னொரு கறுப்பினச் சிறுவன், விலைக்கு வாங்கி வந்த பொம்மைகளோடு உட்கார்ந்து, ஒரு பொம்மையின் கொம்பைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறான். கணவன் ஏமாற்றப்படுகிறான் என்பதற்கு அது சைகை.

இந்தப் படத்தைப் பற்றி எனக்கு ஹோகார்த்தோடு ஒரு வழக்கு உண்டு. அறை முழுவதும் இருப்பவர்களில் உண்மையாகவே இசை கேட்பவள் அந்த வெள்ளை உடைக்காரி ஒருத்திதான். அவளைத்தான் ஓவியர் அதிகமாகக் கேலி செய்கிறார். பாட்டில் கரைந்து போகிற முகத்துக்கும் காசைக் காட்டிப் பெருமையடிக்கிற முகத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் இத்தாலிய இசை என்றாலே வேண்டாம் என்ற வெறுப்பு கண்ணை மறைத்துவிட்டது. அந்நியன், ஆண்மை கெட்டவன், பகட்டுக்காரன் என்று மூன்று வெறுப்பையும் ஒரே உடம்பின் மேல் அடுக்கி வைத்தார். கை வன்மையில் அவருக்கு இணை அன்று யாரும் இல்லை என்று நம்புகிறேன். அதனால்தான் இந்த வழக்கை விட்டுவிட மனமில்லை.

சரி, இந்தப் படங்களை வாங்கியது யார்? ஓபராவில் நல்ல இருக்கைக்கு அரை கினி, அதாவது பத்தரை ஷில்லிங். கூலியாளின் ஒரு வாரச் சம்பளம். படத்தின் விலை ஒரு ஷில்லிங். அவனுக்கு அது அரை நாள் கூலி. அவன் வாங்கமாட்டான்; கடைச் சாளரத்தில் ஓசியில் பார்த்துவிட்டுப் போவான். நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் கில்ரே என்ற மேதை வரைந்து கொடுக்க, ஹன்னா ஹம்ஃப்ரி என்ற அம்மையார் நடத்திய கடையின் சாளரத்தில் அப்படிக் கூட்டம் மொய்க்கும் காட்சியே ஒரு படமாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அதே தனிமாடங்களில் உட்கார்ந்து ஓபரா பார்த்தவர்கள். வாங்கி, தொகுத்து, விருந்துக்குப் பின் விருந்தாளிகளுக்குப் புரட்டிக் காட்டினார்கள். ஒரு மாலைக்கு வாடகைக்குத் தொகுப்புகளைக் கொடுத்த கடைகளும் இருந்தன. ஆக, மண்டியிட்டவனும், மண்டியிட்டதைப் பார்த்துச் சிரித்தவனும் ஒரே வட்டம். தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளும் பெருந்தன்மை என்று இதை நீங்கள் பாராட்டலாம். எனக்கு அப்படிப் படவில்லை. அவனுக்கு அது செலவில்லாத பெருந்தன்மை. மறுநாளும் அவன் பிரபுதான்.

குட்ஸோனியின் கதையைப் பாருங்கள். 1726இல் ஃபவுஸ்டினா போர்தோனி என்ற இன்னொரு பெரும் பாடகியும் லண்டனுக்கு வந்தார். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. 1727 ஜூன் 6ஆம் தேதி, இளவரசி கரோலின் அவையில் இருக்கும்போதே, ஒரு கட்சி ரசிகர்கள் மறுகட்சிப் பாடகியைச் சீறியும் ஊளையிட்டும் கத்தியும் பாடவிடாமல் செய்தார்கள். அந்த ஓபராப் பருவமே அதோடு முடிந்துபோனது. அன்றைய பத்திரிகைச் செய்தியில் கலகம் செய்தவர்கள் பார்வையாளர்கள். ஆனால் அடுத்த சில வாரங்களில் வந்த நையாண்டிகளில் என்ன ஆயிற்று? இரண்டு பாடகிகளும் மேடையில் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள் என்று கதை கட்டப்பட்டது. அப்படி ஒரு கேலி நாடகமே அச்சானது. இசை வரலாறு எழுதியவர்கள்கூட நெடுங்காலம் அந்தக் குடுமிப்பிடியை உண்மைச் செய்தியாகவே எழுதிவந்தார்கள். கத்தியவர்கள் கனவான்கள், கெட்ட பெயர் இரண்டு பெண்களுக்கு. 1750இல் வயதான குட்ஸோனி மறுபடி லண்டன் வந்தபோது கடனுக்காகப் பிடிபட்டார். குரல் தேய்ந்துவிட்டது, கூட்டம் வரவில்லை. 1778இல் பொலோன்யாவில் வறுமையில் இறந்தார். பொத்தான் செய்து பிழைத்தார் என்று சொல்வதுண்டு. எட்டாயிரம் பவுண்டை வாரி இழுப்பதாக ஹோகார்த் வரைந்த அதே பெண்.

1728இல் ‘பிச்சைக்காரர் ஓபரா’ வந்தபோது, பாலி என்ற பாத்திரத்தில் நடித்த லவீனியா ஃபெண்டன் ஒரே இரவில் ஊரின் செல்லமானார். முதல் பருவத்தில் மட்டும் அறுபத்திரண்டு முறை ஆடிய நாடகம். அவர் முகத்தை அச்சிட்டு விற்றார்கள். ஹோகார்த் அந்த நாடகத்தின் ஒரு காட்சியை ஓவியமாகவே தீட்டினார். மேடையின் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும் பிரபுக்களில் போல்டன் கோமகன் மார்பில் நட்சத்திரப் பதக்கத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பருவம் முடிந்ததும் அந்த அம்மையார் மேடையை விட்டு அவரோடு போய்விட்டார். கோமகனின் மனைவி இறந்தபின், 1751இல் முறைப்படி திருமணம். ஆங்கிலப் பெண், ஆங்கிலப் பாட்டு என்றால் ஓவியரின் ஊசி எவ்வளவு மென்மையாகிவிடுகிறது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

கில்ரேயின் பக்கம் நெடுநேரம் நிற்க இன்று பொழுதில்லை. 1798இல் டர்ஹம் ஆயர் பிரபுக்கள் அவையில் எழுந்து, நம் ஒழுக்கத்தைக் கெடுக்கவே பிரான்ஸ் நடனக்காரிகளை அனுப்புகிறது என்று பேசினார். இரண்டு வாரம் ஆகவில்லை. நடனப் பெண்கள் ஆயரின் மேலங்கி வடிவத்தில் உடை போட்டு ஆடுவதாகக் கில்ரே படம் போட்டுவிட்டார். அடிபட்டவர் ஆயர்தான். ஆனால் ஆயரை அடிக்க எடுத்த கோல் அந்தப் பெண்களின் அரைகுறை உடம்பு. மறுபடியும் அதே கணக்கு.

கடைசியாக ஒரு சிறுவனைக் காட்ட வேண்டும். வில்லியம் பெட்டி, 1791இல் பிறந்தவன். பெல்ஃபாஸ்டில் சாரா சிடன்ஸ் அம்மையாரின் நடிப்பைப் பார்த்துவிட்டு, நடிகனாகாவிட்டால் செத்துப்போவேன் என்று வீட்டில் அடம் பிடித்ததாகக் கதை. 1803இல் அங்கேயே மேடையேறினான். 1804 டிசம்பர் 1ஆம் தேதி லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் முதல் நாடகம். வயது பதின்மூன்று. மதியத்திலிருந்தே தெருவை அடைத்துக் கூட்டம். ஒழுங்குபடுத்தப் படைவீரர்களை அழைக்க வேண்டியிருந்தது. நெரிசலில் மயங்கியவர்களைத் தலைக்கு மேல் தூக்கி வெளியே அனுப்பினார்கள். இரவொன்றுக்கு ஐம்பது கினி. சில வாரத்தில் அது நூறானது. காய்ச்சல் வந்தால் அரசகுடும்பத்தாருக்கு வெளியிடுவதுபோல உடல்நிலை அறிக்கை வெளியிட்டார்கள். அவனுடைய ஹாம்லெட்டைப் பார்ப்பதற்காகப் பிரதமர் பிட் நாடாளுமன்ற அமர்வையே ஒத்திவைத்தார் என்றுகூடச் சொல்வார்கள். கெம்பிளும் சிடன்ஸும் ஊரின் தலைசிறந்த நடிகர்கள். இந்தப் பையன் முன் அவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

கேலிச்சித்திரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஓவியர் ரோலண்ட்சனின் ஒரு படத்தில் கெம்பிள் குனிந்து நிற்கிறார். அவர் முதுகில் கை ஊன்றிப் பச்சைக்குதிரை தாண்டுகிறான் பையன். நல்ல படம். கெம்பிளின் முகத்தில் அவமானமும் பொறுமையும் கலந்து தெரிகிறது. இதிலும் நோக்கம், குழந்தையைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஊரைக் கிண்டல் செய்வதுதான். ஆனால் படத்தில் ஊர் எங்கே? ஊர் இல்லை. ஒரு மூத்த நடிகரும் ஒரு சிறுவனும் மட்டும் இருக்கிறார்கள். 1724இல் பிரபு மண்டியிட்டாவது படத்துக்குள் இருந்தார். இங்கே அவர் படத்தை விட்டே வெளியேறிவிட்டார். இந்த எண்பது ஆண்டில் நடந்த மாற்றங்களில் இதையே முக்கியமானதாகக் கருதுகிறேன்.

அடுத்த பருவத்தில் ஊருக்கு அலுத்துவிட்டது. மூன்றாம் ரிச்சர்டாக வந்தபோது சீறினார்கள். கைதட்டியதும் சீறியதும் ஒரே கைகள், ஒரே வாய்கள். பையனின் நடிப்பு அதற்குள் மோசமாகிவிட்டதா, அல்லது அவன் வளர்ந்துவிட்டானா? வளர்ந்ததுதான் குற்றம் என்று நினைக்கிறேன். சிறுவனாக இருந்ததற்காகக் கொண்டாடப்பட்டவன் சிறுவனாகவே இருக்க முடியாதே. கேம்பிரிட்ஜில் சேர்ந்தான், 1812இல் மறுபடி மேடைக்கு வந்தான், 1824இல் நிரந்தரமாக விலகிவிட்டான். பிறகு ஐம்பது ஆண்டுகள், 1874 வரை வாழ்ந்தான்.

மேசை மேல் இந்தப் படங்களின் பெரிய நகல்கள் இருக்கின்றன. கேள்விகளுக்குப் பின் வந்து பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியும் வைத்திருக்கிறேன். முதலில் தகட்டின் அடியிலுள்ள தேதியையும் கடையின் பெயரையும் படியுங்கள். பிறகு ரசிகர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தேடுங்கள். சில படங்களில் கண்டுபிடிக்க நேரமாகும். பொடிடப்பி வரி, சுருளின் கீழ்ப்பாதியில் இருக்கிறது.